எழுத்தைத் தாங்கிய உலோகம்

எழுத்தென்பது ஒலியின் வடிவம் என்பர் இலக்கண நூலார். அவ்வடிவம் நிலைபெற வேண்டுமாயின் அதனைத் தாங்குதற்கு ஒரு பொருள் வேண்டும். கல்லும் செப்பேடும் பனையோலையும் தாளும் அவ்வாறு தமிழெழுத்தைத் தாங்கி வந்தவை. பனை சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கு ஓலையும் எழுத்தாணியும் அயலானவை அல்ல. நூலைப் படிப்போர் நூலாசிரியரை நினைப்பர், உரைகாரரை நினைப்பர், பதிப்பித்தவரையும் ஓரளவு நினைப்பர். எழுத்தைத் தாங்கிய பொருளை நினைப்போர் மிகச் சிலரே.

அவ்வாறு நினையாது விடப்பட்ட பொருள்களுள் அந்திமனி என்னும் மூலகம் ஒன்று. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை நம் நாட்டு அச்சுக்கூடங்களிற் கோக்கப்பட்ட ஈய எழுத்துக்களுக்கு உறுதி தந்தது இதுவே. அதே அந்திமனி குரோமியத்துடன் கூடி ஆக்கும் ஓர் உலோகச் சேர்வை, அண்மைக் காலத்திற் பௌதிகவியலாளரின் கருத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளது. இச்சேர்வையைக் குரோமியம் அந்திமனைட்டு என்பர். இதுவும் எழுத்தையும் எண்ணையும் காக்கும் பணிக்கு ஒருநாள் உதவக்கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர். இரண்டு பணிகளிலும் அந்திமனியின் இயல்பு ஒன்றேயாகக் காணப்படுகிறது. அது தான் முன்னே வந்து நிற்பதில்லை. தன்னோடு சேர்ந்த உலோகத்தை உறுதியாக நிற்கச் செய்கிறது.

அஞ்சனக்கல்

அந்திமனி நமக்குப் புதிய பொருளன்று. நம் வைத்திய நூல்கள் கூறும் அஞ்சனக்கல், அந்திமனியும் கந்தகமும் சேர்ந்த கனிப்பொருளேயாகும். பண்டை எகிப்தியரும் மேலையாசிய மக்களும் இத்தகைய கருங்கற்களைப் பொடி செய்து கண்ணுக்கு மையிட்டனர். ஆயினும் ஈயமும் கந்தகமும் சேர்ந்த வேறொரு கல்லும் தோற்றத்தில் இதனை ஒத்திருக்கும். சுருமா என்னும் பெயரில் விற்கப்படும் மைப்பொடிகளிற் பலவற்றில் இருப்பது இந்த ஈயக்கல்லே என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்வதாதலின், பெயரை மட்டும் நம்பி அதனைக் கண்ணில் இடுதல் தகாது.

மருத்துவத்திலும் அந்திமனிக்கு ஓரிடம் உண்டு. வங்காளத்தையும் அசாமையும் வாட்டிய காலா-அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்கு, அந்திமனி சேர்ந்த யூரியா ஸ்திபமைன் என்னும் மருந்தைக் கல்கத்தாவிலே ஆக்கியளித்தவர் உபேந்திரநாத் பிரமச்சாரி. 1920களில் அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அளவு மிகின் நஞ்சாகவும், அளவறிந்து கொடுப்பின் மருந்தாகவும் அமைவது இம்மூலகத்தின் தன்மை.

தூய அந்திமனி வெள்ளிபோல் ஒளிரும். ஆனால் வெள்ளியைப்போல் வளையாது. சுத்தியலால் அடித்தால் தகடாக விரியாமல் தூளாகும். தனித்து நின்று பாத்திரமாகவோ கருவியாகவோ பயன்படும் தகுதி இதற்கில்லை. அதன் உருகுநிலை 631 பாகை செல்சியசு. உருகிய அந்திமனி உறையும்போது பெரும்பாலான உலோகங்களைப்போற் சுருங்காமல் சிறிது விரிவடைகிறது. அச்செழுத்துக்குப் பயன்பட்ட பண்பு இதுவே.

ஈயத்துக்கு வந்த உறுதி

தமிழ் அச்சு 1578இல் கொல்லத்திலே வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் முதலாகத் தொடர்வது. பின்னர்த் தரங்கம்பாடியிற் சீகன்பால்கு அச்சுக்கூடம் நிறுவியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் அளவிற் பெரியனவாய் இருந்தன. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. அதனாற் பாலாடைக்கட்டி அடைத்துவந்த கலங்களின் ஈய மூடிகளை உருக்கி அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர் என்று அச்சு வரலாற்று நூல்கள் கூறும்.

ஈயம் எளிதில் உருகும். எளிதில் வார்க்கவும் படும். ஆயின் அது மென்மையானது. தனி ஈயத்தாலான எழுத்து அச்சியந்திரத்தின் அழுத்தத்தைப் பலமுறை தாங்காது முனை மழுங்கிவிடும். மேலும், உறையும்போது ஈயம் சுருங்குவதால் அச்சுவார்ப்பின் நுண்ணிய மூலைகளை முற்றாக நிரப்பாது. தமிழெழுத்தோ வளைவும் சுழியும் நிறைந்தது. ணகரத்தின் சுழிகளையும், இகரத்தின் வளைவையும், மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் சிறு புள்ளியையும் எண்ணிப் பாருங்கள். புள்ளி மழுங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும், பொருளும் கெடும்.

இக்குறையைத் தீர்த்தவை அந்திமனியும் வெள்ளீயமும். ஈயத்தோடு அந்திமனியைக் கலந்தபோது வன்மை வந்தது. உறையும்போது ஏற்படும் சுருக்கமும் குறைந்தது. வெள்ளீயம் உருகிய கலவையை நன்கு ஓடச் செய்தது. வரிவரியாக வார்க்கும் இயந்திரங்களுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 84 பங்கு ஈயமும், 12 பங்கு அந்திமனியும், 4 பங்கு வெள்ளீயமும் கொண்ட கலவை ஏற்றதாயிற்று. கையாற் கோக்கும் தனியெழுத்துக்கு அந்திமனியின் பங்கு இன்னும் கூடுதல். இக்கலவையில் ஒரு புதுமையும் உண்டு. ஈயம் 327 பாகையில் உருகுவது. அந்திமனி 631 பாகையில் உருகுவது. மேற்சொன்ன கலவையோ ஏறத்தாழ 240 பாகையிலேயே உருகிவிடும். உருக்குவது எளிதாயிற்று, உறைந்தபின் உறுதியும் மிக்கதாயிற்று.

மானிப்பாயும் வண்ணார்பண்ணையும்

இந்த உலோகம் யாழ்ப்பாணத்திற் செய்த பணி பெரிது. அமெரிக்க மிஷனார் 1820இலேயே ஓர் அச்சியந்திரத்தை இங்கு தருவித்தனர். ஆனால் அதனை இயக்க வந்த அச்சாளர் நாட்டில் தங்குவதற்கு ஆங்கில அரசு இசையவில்லை. ஆதலின் அவர்களது அச்சுக்கூடம் மானிப்பாயில் 1834இலேதான் தொழிற்படத் தொடங்கிற்று. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. 1842இல் 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி அச்சேறியது. மானிப்பாய் அகராதி என்றும் அதனை வழங்குவர்.

ஆறுமுகநாவலர் 1849இற் சென்னை சென்று, அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். பாதிரிமார் கண்டனம் எழுதினர்; நாவலரும் அவர் வழியினரும் மறுப்பெழுதினர். கொள்கையால் வேறுபட்ட இரு திறத்தாரும் ஒரே ஈய அந்திமனிக் கலவையாலான எழுத்துக்களையே கோத்தனர். இருவராலும் தமிழ் உரைநடை வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலே தொடங்கப்பெற்ற சொற்றொகுப்பு முயற்சியின் பயனாக 1862இற் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதி, சிறிய தமிழெழுத்துக்களை நெருங்கக் கோத்து அச்சிடப்பட்டது. அத்துணைச் சிறிய எழுத்துக்கள் தெளிவோடு நிற்க வல்லவாயினமைக்கு அந்திமனியின் வன்மையும் ஒரு காரணம்.

இரசாயனவியலும் அந்நூற்றாண்டிலேயே தமிழுக்கு வந்தது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியில் மாணவரோடு ஈடுபட்டவர். அவரது முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. மூலகங்களைப் பற்றிய அறிவைத் தமிழ் மாணவன் தன் மொழியிற் படிக்கலாயினான். அந்த எழுத்துக்களையும் அந்திமனி தாங்கியிருந்தது.

நிறந்தரும் குரோமியம்

இனி, அந்திமனியின் மற்றைத் துணைவனாகிய குரோமியத்தைக் காண்போம். 1797இற் பிரெஞ்சு அறிஞர் வொக்கெலின், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனிப்பொருளொன்றை ஆராய்ந்து இம்மூலகத்தைக் கண்டறிந்தார். இதன் சேர்வைகள் பல நிறங்களில் அமைவதாற் கிரேக்க மொழியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிடப்பட்டது. இரத்தினபுரியின் மாணிக்கக் கல்லுக்குச் செந்நிறம் தருவது, அதனுள் மிகச் சிறிய அளவிற் கலந்திருக்கும் குரோமியமே. நம்மூர்ச் சைக்கிளின் கைபிடியிலும் சக்கரவளையத்திலும் பளபளக்கும் பூச்சும் குரோமியம். துருவேறா உருக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருந்து அதனைக் காப்பதும் குரோமியம்.

அந்திமனியைப் போலன்றிக் குரோமிய அணு காந்த இயல்பு உடையது. அதன் இலத்திரன்களின் தற்சுழற்சி காரணமாக ஒவ்வோரணுவும் ஒரு நுண்காந்தம்போல் நிற்க வல்லது. தூய குரோமியத்தில் இந்நுண்காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நின்று தம்மைத் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. அவ்வொழுங்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியசு வரையே நிலைக்கும். அஃதாவது, காய்ச்சல் கண்டவனின் உடற்சூடே அதனைக் கலைக்கப் போதுமானது.

அடங்கிய காந்தம்

குரோமியமும் அந்திமனியும் அணுவுக்கு அணு சமமாகக் கூடினாற் குரோமியம் அந்திமனைட்டுப் பிறக்கிறது. இரு மூலகங்களையும் பொடிசெய்து, வளியகற்றிய சிலிக்காக் குழாயில் அடைத்துச் சூடாக்கி இதனைப் பெறலாம். எண்ணிக்கையிற் சமமாயினும், அந்திமனி அணு கனத்ததாதலின் நிறையில் நூற்றுக்கு 70 பங்கு அந்திமனியாகும். இச்சேர்வை உலோகங்களைப்போல் மின்னைக் கடத்தும்.

இதன் பளிங்கிலே குரோமிய அணுக்களின் அடுக்கொன்றும் அந்திமனி அணுக்களின் அடுக்கொன்றுமாக மாறிமாறி அமைந்துள்ளன. ஓரடுக்கிலுள்ள குரோமியக் காந்தங்கள் யாவும் மேல்நோக்கி நிற்குமாயின், அடுத்த குரோமிய அடுக்கிலுள்ளவை யாவும் கீழ்நோக்கி நிற்கும். ஒன்றை மற்றொன்று ஈடுசெய்வதால் வெளியே காந்தவிசை தோன்றுவதில்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டிலே கயிறிழுப்போரைக் கண்டிருக்கிறோம். இருபுறமும் சமவலிமை உடையவராயிற் கயிறு அசைவதில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவன் அங்கே விசையே இல்லையென எண்ணக்கூடும்; கயிற்றைப் பிடித்திருப்பவனின் கை அறியும் உண்மையை. அத்தகைய அடங்கிய காந்தம் இது. நியூத்திரன் கதிர்களைச் செலுத்தி, இவ்வொழுங்கினை 1950களின் தொடக்கத்தில் ஆய்வாளர் வெளிப்படுத்தினர்.

வியப்பு யாதெனில், தூய குரோமியத்தில் 38 பாகையிற் கலைந்துவிடும் எதிரெதிர் ஒழுங்கு, அந்திமனியோடு கூடிய இச்சேர்வையில் வேறோர் அமைப்பைப் பெற்று ஏறத்தாழ 430 பாகை வரை நிலைத்து நிற்கிறது. ஈயத்துக்கு வன்மை தந்த அந்திமனி, இங்கே குரோமியத்தின் ஒழுங்குக்கு இடம் அமைத்துக் கொடுக்கிறது. தனக்கெனக் காந்தவியல்பு இல்லாதது, காந்தவியல்பு உடையதனை நிலைநிறுத்துகிறது.

எதிரெதிர்க் காந்தங்களைப் பற்றிய கொள்கையை வகுத்தவர் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் லூயி நேல். 1970இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், இப்பொருள்கள் கொள்கையளவிற் சுவையுடையனவாயினும் பயன் உடையனவாகத் தோன்றவில்லை என்ற கருத்தை அவரே தெரிவித்தார். ஆனால் அதன்பின் முப்பது ஆண்டுகள் கழியுமுன்பே, கணினி வன்தட்டுக்களில் எழுதப்பட்டதைப் படிக்கும் நுண்ணுறுப்பில் எதிரெதிர்க் காந்தப் படலம் ஒன்று இன்றியமையாததாயிற்று. பயனற்றதெனப்பட்ட பொருள், எழுத்தைப் படிக்கும் பணிக்கு வந்து சேர்ந்தது.

காந்தமும் பளிங்கும் பற்றிய ஆராய்ச்சியிற் தமிழருக்கும் பங்குண்டு. இராமநாதபுரச் சீமையின் வத்திராயிருப்பில் 1898இற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காப் பல்கலைக்கழகத்திலே பளிங்குகளை நுண்ணிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்பும் அளவைக் கொண்டு, ஒரே பளிங்கின் காந்தவியல்பு திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாக அளந்தார். அவர் கல்வி கற்ற மதுரை அமெரிக்கன் கல்லூரி, யாழ்ப்பாணத்திலிருந்து 1834இற் சென்ற மிஷனார் தொடங்கிய பணியின் வழிவந்தது. மானிப்பாயில் அச்சுக்கூடம் தொழிற்படத் தொடங்கியதும் அதே ஆண்டு.

திசை அறியும் இலத்திரன்

திசை பற்றிய அவ்வினாவே இன்று குரோமியம் அந்திமனைட்டைப் புதுப்பொருள் ஆக்கியுள்ளது. இப்பளிங்கில் ஒவ்வொரு குரோமிய அணுவையும் ஆறு அந்திமனி அணுக்கள் சூழ்ந்துள்ளன. ஆனால் ஓரடுக்கிற் சூழ்ந்திருக்கும் முறையும் அடுத்த அடுக்கிற் சூழ்ந்திருக்கும் முறையும் ஒன்றல்ல; ஒன்றைத் திருப்பினாலன்றி மற்றொன்றோடு பொருந்தாது. இச்சிறு திருப்பத்தால் ஒரு பெரிய விளைவு உண்டாகிறது. குறித்த சில திசைகளிற் செல்லும் இலத்திரன்களுள், ஒருவகைத் தற்சுழற்சி உடையவற்றின் சத்தி வேறாகவும் மறுவகையினவற்றின் சத்தி வேறாகவும் பிரிகின்றன. திசை மாறினால் அப்பிரிவும் தலைகீழாகிறது. வெளியே காந்தம் இல்லை. உள்ளே செல்லும் இலத்திரனுக்கோ காந்தம் உண்டு.

இத்தகைய பொருள்களைத் தனியொரு வகுப்பாக 2022இல் வகுத்தனர். மாறுகாந்தம் எனத் தமிழில் இதனை வழங்கலாம். 2024இற் குரோமியம் அந்திமனைட்டின் மென்படலங்களில் மேற்சொன்ன சத்திப் பிரிவு நேரே அளந்து காணப்பட்டது. அறியப்பட்ட மாறுகாந்தங்களுள் இப்பிரிவு மிகப் பெரிதாக அமைந்தவற்றுள் இதுவும் ஒன்று. 2025இல், இதன் மென்படலத்தில் நுண்காந்தங்களின் ஒழுங்கை மின்னோட்டத்தாற் புரட்டலாம் என்பதனையும் சீன ஆய்வாளர் காட்டினர்.

இதனால் வரும் பயன் யாது? வன்தட்டிலே எழுத்துக்கள் நுண்காந்தங்களின் வரிசையாகப் பதியப்படுகின்றன. 1990களில் மின்சாரமின்றி இருந்த நாளில், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி நம்மவர் வானொலி கேட்டனர். அத்தைனமோவினுள் இருந்த காந்தம் தன்னை வெளிப்படையாக உணர்த்தும் காந்தம். வன்தட்டிலுள்ளனவும் அவ்வினத்தவையே. அவற்றை மிக நெருக்கி வைத்தால் ஒன்றன் விசை அயலதைத் தாக்கும். வெளியிலிருந்து வலிய காந்தம் அணுகினாற் பதிவு அழியும். அடங்கிய காந்தத்துக்கு இவ்விரு குறையும் இல்லை. அதன் ஒழுங்கு புரளும் வேகமும் மிக அதிகம். ஆனால் வெளியே விசை இல்லாததாற் பதிந்ததைப் படிப்பது அரிதாயிருந்தது. மாறுகாந்தத்தில் அவ்வருமை குறைகிறது. ஏனெனில் உள்ளே செல்லும் இலத்திரன் அதன் நிலையைச் சுமந்துவந்து உரைக்கும்.

இவையெல்லாம் இன்னும் ஆய்வுகூட நிலையிலேயே உள்ளன. இச்சேர்வையாலான நினைவுக்கருவி கடைக்கு வந்துவிடவில்லை. படலத்தைக் குறையின்றி வளர்த்தல், குறைந்த மின்னோட்டத்தால் எழுதுதல் என்னும் தடைகள் உள்ளன. அந்திமனியும், குரோமியத்தின் சில சேர்வைகளும் நஞ்சாதலின், அவற்றைக் கையாள்வதிலும் கழிப்பதிலும் பொறுப்பு வேண்டும்.

எது காக்கும்?

எழுத்தைத் தாங்கும் பொருளைப்பற்றிப் பேசுதல் யாழ்ப்பாணத்தவர்க்கு வெறும் விஞ்ஞான விநோதமன்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடிருந்த ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அந்நாட்களிலேயே ‘ஈழநாடு’ பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. ஓலை எரியும்; தாள் எரியும்; ஈய எழுத்து 240 பாகையில் உருகும். 430 பாகை வரை ஒழுங்கு குலையாத சேர்வையொன்று உண்டெனக் கேட்கும்போது நம் மனம் அதன்பாற் செல்வது இயல்பே.

ஆயினும், எப்பொருளும் தனித்து நின்று எழுத்தைக் காத்துவிடாது. ஓலை நூல்கள் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம் ஓலையின் வலிமையன்று; செல்லரிக்குமுன் ஒருவர் பின் ஒருவராக அவற்றைப் பெயர்த்தெழுதி வைத்தமையே. அச்சு அத்தொழிலை ஆயிரம் மடங்காக்கிற்று. ஒரு நூலின் படிகள் பல ஊர்களில் இருந்தமையால், ஓரிடத்தில் எரிந்தது மற்றோரிடத்தில் எஞ்சிற்று. 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்துவரும் ‘நூலகம்’ திட்டமும் அப்பெயர்த்தெழுதும் மரபின் தொடர்ச்சியே. பதிவுகளைப் பேரளவிற் சேமித்து வைக்கும் இடங்களில் வன்தட்டின் காந்தமே இன்றும் பெரும் பங்கு வகிக்கிறது. ஏட்டைப் பெயர்த்தவர் செய்ததையே இன்று காந்தத்திற் பதிபவரும் செய்கின்றார்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே கருதவேண்டியது ஒன்றுண்டு. இலங்கையிற் பல்கலைக்கழகப் புகுமுகம் வரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிலேயே கற்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. மூலகம், சேர்வை, இலத்திரன் என்ற சொற்கள் நம் வகுப்பறைகளிற் பழகிய சொற்கள். தமிழகத்தார் தனிமம், சேர்மம் என்பர், இரண்டும் தமிழே. ஆனால் பாடநூலோடு நின்றுவிடின் அச்சொற்கள் பரீட்சைக்குமட்டும் உரியனவாகிவிடும். கிறீன் தம் காலத்துப் புதிய இரசாயனத்தைத் தமிழுக்குக் கொணர்ந்ததுபோல, நம் காலத்துப் புதிய பௌதிகத்தையும் தமிழிற் சொல்லவேண்டும். பொதுநூலகத்திலும் ‘நூலகம்’ தளத்திலும் ‘கெமிஸ்த’ காலத்து நூல்களைத் தேடிப் படிக்கும் மாணவனொருவன், அடுத்து மாறுகாந்தத்தைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை தேடுவானாயின், அது அவனுக்குக் கிடைக்க வேண்டும். அதனை எழுதித் தரும் கடமை இன்றைய ஆசிரியர்களுடையது.